இரண்டாவது ஷிப்டுக்கு வேலை எங்கிருந்து வரும்?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு நடந்த தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 2018 பிப்ரவரி 11. 2019 செப்டம்பர் 1. 2022 ஜூலை 24. 2024 ஜூன் 9. 2025 ஜூலை 12. ஏழரை வருடத்தில் ஐந்து தேர்வு. நடுவே கொரோனா காலமும் சேர்ந்து கிட்டத்தட்ட மூன்று வருடம் ஒன்றுமே இல்லை. 2017-ல் 21 வயதில் டிகிரி முடித்து, "இந்த ஒரு தடவை மட்டும்" என்று ஐந்து தடவையும் எழுதியவருக்குக் கடைசித் தேர்வன்று வயது 29.

2025-ல் அறிவித்த இடம் 3,935. விண்ணப்பித்தவர்கள் சுமார் 13.9 லட்சம். 2024-ல் 6,244 இடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல். அறிவிப்புக்குப் பிறகு காலியிடம் கூடுவது வழக்கம்தான். 2022-ல் 7,301 என்று ஆரம்பித்தது 10,000-ஐத் தாண்டியது. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் நூறு பேரில் ஒருவருக்குக்கூட இடம் இல்லை.

"நல்லா படிச்ச பசங்க எல்லாம் கவர்மென்டுக்குப் போயிடுறாங்க, தொழில் ஆரம்பிக்க ஆளே இல்லை" என்ற புலம்பலைத் தொழில் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கலாம். மேலே உள்ள கணக்கு அதற்கு ஒத்து வரவில்லை. ஒவ்வொரு தடவையும் உள்ளே போனவர்கள் சில ஆயிரம் பேர். அவர்கள் அத்தனை பேரும் பட்டறை திறந்திருந்தாலும் மாநிலத்தின் தொழில் கணக்கில் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. உள்ளே போகாமல், வெளியேயும் போகாமல், வரிசையில் நின்ற லட்சக்கணக்கானவர்களின் 22 முதல் 29 வயதுதான் தொழிலுக்கு வந்து சேராமல் போனது. ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள அதைவிடத் தோதான வயது கிடையாது.

வரிசை எவ்வளவு பிடிவாதமானது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது, யாரும் திட்டமிடாமல். 2001 நவம்பரில் மாநில அரசு நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, போலீஸ், ஆசிரியர், மருத்துவப் பணிகள் தவிர மற்ற நேரடி நியமனங்களை நிறுத்திவைத்தது. 2006 வரை அந்தத் தடை நீடித்தது. கதவு சாத்தியிருந்தால் இளைஞர்கள் தனியார் பக்கம் போயிருப்பார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். பொருளாதார ஆய்வாளர் குணால் மங்கல் அந்தக் காலத்துத் தரவுகளை எடுத்துப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. அப்போது கல்லூரி முடித்து வெளியே வந்த ஆண்கள் வேலையில்லாமல் படித்துக்கொண்டு கழித்த காலம் கூடியிருந்தது. பல வருடம் கழித்தும் அவர்களுடைய சம்பாதிக்கும் திறன் குறைந்தே இருந்தது. இடம் குறைந்தபோது வரிசை கலையவில்லை, நின்ற நேரம்தான் நீண்டது.

இதற்காக யாரையும் திட்டுவதில் அர்த்தமில்லை. "கால் காசு ஆனாலும் கவர்மென்ட் காசு" என்பது வெறும் பழம்பேச்சு இல்லை, அதில் கணக்கு இருக்கிறது. இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேர்ந்தால் மொத்தம் 30,000-ஐத் தாண்டும். கோவையிலோ அம்பத்தூரிலோ ஒரு சிறு தொழிற்சாலையில் டிரெய்னி இன்ஜினியராகச் சேர்பவருக்குப் பெரும்பாலும் 15,000, மிஞ்சினால் 18,000. வீட்டுக்கடன் கேட்டுப் போனால் யாரை உட்காரச் சொல்வார்கள், யாரை நாளைக்கு வரச் சொல்வார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பெண் கேட்டுப் போகும்போதும் அதே கதைதான். ஆகவே முதல் தடவை எழுதுவதில் தப்பே இல்லை. இரண்டாவதும் சரி. ஐந்தாவது தடவைக்கு என்ன விலை என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதில்லை.

அந்த விலை தெரிய வேண்டுமானால் ஒரு சிறு பட்டறையின் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோவை கணபதியிலோ குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலோ ஜாப் ஒர்க், அதாவது பிற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை, செய்யும் ஒரு சி.என்.சி டர்னிங் (கணினி இயக்கும் கடைசல்) யூனிட் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் மாதிரிக்குத்தான், உங்கள் ஊர் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

மெஷின், டூலிங், கம்ப்ரசர், ஸ்டெபிலைசர் எல்லாம் சேர்ந்து 20 லட்சம். கைக்காசு 2 லட்சம், டெர்ம் லோன் 18 லட்சம். வட்டி 10.5 சதவீதம், 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 38,700. இரண்டு ஷிப்டுக்கு இரண்டு ஆபரேட்டர், ஆளுக்கு 20,000. கரண்ட் 12,000. ஷெட் வாடகை 12,000. இன்சர்ட் (வெட்டு முனை), கூலன்ட், பராமரிப்பு 15,000. ஆக மொத்தம் மாதம் 1,17,700.

ஷிப்டுக்கு 10 மணி நேரம், 25 நாள் என்றால் 500 மணி. அத்தனையும் ஓடாது. செட்டிங் மாற்ற வேண்டும், முதல் பீஸை அளந்து பார்க்க வேண்டும், மெட்டீரியல் வராமல் நிற்கும், ஆபரேட்டர் சொல்லாமல் லீவு போடுவார். 70 சதவீதம் ஓடினாலே நல்ல யூனிட். அதாவது 350 மணி. மணிக்கு அடக்கம் 336 ரூபாய். பார்ட்டி கொடுக்கும் ரேட் மணிக்கு 375 என்றால் மாதம் 1,31,250 வரும், 13,550 மிஞ்சும். முதலாளியின் சம்பளமும் அதற்குள்தான். அந்த 13,550-ஐப் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் "இதுக்கு குரூப் 4 தேவலையே" என்பார்கள். ஐந்து வருடம் முடிந்து தவணை நின்றதும் அதே மெஷின் மாதம் 52,000 தரும் என்பதும், இரண்டாவது மெஷின் வாங்க அந்த மெஷினே ஈடாக நிற்கும் என்பதும் அந்தப் பேச்சில் வராது.

ஆனால் இந்த இடத்தில் வீட்டாரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. இரண்டாவது ஷிப்டுக்கு வேலை கிடைக்கவில்லை என்று வையுங்கள். ஒரு ஆபரேட்டர் சம்பளம் குறையும், கரண்டும் இன்சர்ட்டும் பாதியாகும். செலவு 84,200-க்கு இறங்கும். தவணையும் வாடகையும் அப்படியே நிற்கும். ஓடும் மணி 175. அடக்கம் 481 ரூபாய். அதே 375 ரேட்டில் வரவு 65,625. மாதம் 18,575 கையை விட்டுப் போகும். மெஷின் அதே மெஷின், வட்டி அதே வட்டி, ஆபரேட்டர் அதே ஆபரேட்டர். தொழில் நிற்பதும் விழுவதும் அந்த இரண்டாவது ஷிப்டுக்கு வேலை கொண்டுவர முடிகிறதா என்பதில் இருக்கிறது.

அந்த வேலை எங்கிருந்து வரும்? விளம்பரம் கொடுத்து வராது. முன்பு வேலை பார்த்த கம்பெனியின் பர்ச்சேஸ் ஆள், இப்போது வேறு கம்பெனிக்கு மாறியிருப்பார். "இந்த ஆள் டிராயிங்கைப் படித்துப் புரிந்துகொள்வார், ரிஜெக்ஷன் வந்தால் ஓடி ஒளிய மாட்டார்" என்று அவருக்குத் தெரியும். அவர் ஐந்நூறு பீஸ் சாம்பிள் கொடுப்பார். இந்த ஒரு அறிமுகத்தைச் சம்பாதிக்க ஒரு தொழிற்சாலையில் மூன்று, நான்கு வருடம் இருந்தாக வேண்டும். மானியத்தால் மெஷின் வாங்கலாம், இதை வாங்க முடியாது. வரிசையில் கழியும் வருடங்கள் சரியாக இந்த மூன்று, நான்கு வருடங்கள்தான்.

குரூப் 4 தாளில் 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. அந்த 25-ல் தனிவட்டி, கூட்டுவட்டி, சதவீதம், வேலையும் நேரமும் எல்லாம் வரும். வங்கியில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது உதவக்கூடிய பகுதி அது ஒன்றுதான். மற்ற 175-ம் நல்ல படிப்புதான், வீண் என்று சொல்ல மாட்டேன். அதைக் காட்டி ஒரு பர்ச்சேஸ் மேனேஜரிடம் ஆர்டர் வாங்க முடியாது, அவ்வளவுதான். (வரிசையிலிருந்து பிறந்து செழித்த ஒரே தொழில் கோச்சிங் சென்டர். சென்னை அண்ணா நகரில் ஒரு தெருவுக்குள் நடந்தால் தெரியும். தேர்ச்சி பெறாமலேயே பாடத்தில் கரை கண்டவர்கள் நடத்துவது. முதலீடு குறைவு, வாடிக்கையாளர்களுக்குப் பஞ்சமே இல்லை.)

வருடம் போவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. வரிசை இன்னும் இரண்டு விஷயங்களைச் சத்தமில்லாமல் தின்கிறது.

ஒன்று சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண். கல்விக் கடன் வாங்கிப் படித்தவருக்குப் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரைதான் தவணை விடுப்பு. அதற்குப் பிறகு கட்ட வேண்டும். தேர்வுக்குப் படிப்பவருக்கு வருமானம் இல்லை. "வேலை கிடைச்சதும் மொத்தமா கட்டிடலாம்" என்று விட்டுவிடுவார். 90 நாள் நிலுவை ஆனதும் கணக்கு வாராக்கடன். 28 வயதில் மனம் மாறி பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் மானியக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், மேலாளர் பான் எண்ணைத் தட்டிப் பார்த்ததும் பேச்சு முடிந்துவிடும். மாவட்டத் தொழில் மையம் பரிந்துரைத்த விண்ணப்பங்கள் வங்கியில் திரும்புவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். விண்ணப்பதாரருக்கே பல நேரம் அப்போதுதான் தெரியவரும். வங்கியில் எழுதிக் கொடுத்துத் தவணையை மாற்றி அமைத்திருந்தால் தப்பியிருக்கலாம்.

இன்னொன்று நகை. அம்மாவின் நகைதான் பெரும்பாலான முதல் தலைமுறைத் தொழில்களின் மார்ஜின் மணி, அதாவது கைக்காசு. ஹாஸ்டல் வாடகை, டெஸ்ட் பேட்ச், சாப்பாடு என்று சென்னையிலோ மதுரையிலோ மாதம் 8,000, 10,000 போனால் மூன்று வருடத்தில் 2.9 முதல் 3.6 லட்சம். 20 லட்சம் ப்ராஜெக்ட்டுக்குக் கைக்காசு 2 லட்சம் போதும் என்று மேலே பார்த்தோம்.

இனி வரிசையைத் தாண்டி உள்ளே போனவர்களின் பக்கம். அரசு ஊழியர் தொழிலுக்கு இழப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊர்களில் பல தொழில்கள் நிற்பதே ஒரு அரசுச் சம்பளத்தின் மேல்தான். சீட்டு எடுத்தால் ஷூரிட்டி கேட்பார்கள். கவர்மென்ட் சம்பளச் சான்றிதழுக்கு இருக்கும் மதிப்பு ஒரு பட்டறை முதலாளியின் கையெழுத்துக்குக் கிடையாது. கூட்டுறவு வங்கியிலும் அப்படித்தான். அக்கா டீச்சர், தம்பி லேத்து. அக்கா சம்பளத்தில் வீடு ஓடும், தம்பி லாபத்தை எடுக்காமல் மூன்று வருடம் தொழிலிலேயே விட்டுவைக்கலாம். முதல் மூன்று வருடம் வீட்டுச்செலவுக்குத் தொழிலிலிருந்து பணம் எடுக்காமல் இருக்க முடிகிறவர்தான் நிலைக்கிறார்.

ஆனால் கணவர் அரசு வேலை, மனைவி பெயரில் தொழில் என்று போகிறவர்கள் விதியைப் படித்துக்கொள்வது நல்லது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-ன் 15-வது விதிப்படி முன்அனுமதி இல்லாமல் நேராகவோ சுற்றிவளைத்தோ வியாபாரம் செய்யக்கூடாது. குடும்பத்தார் வியாபாரம் செய்தால் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மனைவி எடுத்த ஏஜென்சிக்காகக் கணவர் ஆள் பிடித்தால் அதுவும் விதிமீறல். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973-ம் வருட விதிகள் இருக்கின்றன; அவற்றின் போக்கும் இதுதான். நடைமுறையில் மாட்டுவது எங்கே என்றால், ஜிஎஸ்டி பதிவில் கணவரின் மொபைல் எண், நடப்புக் கணக்கில் அவருடைய கையெழுத்து, பார்ட்டிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. மனைவி உண்மையிலேயே நடத்தினால் கணக்கு, எண், கையெழுத்து எல்லாம் அவருடையதாக இருக்கட்டும். முதல் நாளே அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போய்விடட்டும்.

அரசு வேலையை விட்டுத் தொழிலுக்கு வருவது ஏன் இவ்வளவு அரிது என்பதற்கும் விதியே காரணம். ஒரு அரசுத் துறையிலிருந்து இன்னொரு அரசுத் துறைக்கு முறைப்படி மாறிப் போனால், பழைய பணியிடத்தின் மீது உரிமையைச் சில காலம் வைத்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். தொழில் தொடங்கிப் பார்க்க அந்த மாதிரி வழி கிடையாது. விருப்ப ஓய்வு வேண்டுமானால் 20 வருட சேவை வேண்டும், மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 25-ல் சேர்ந்தவர் 45-ல் வெளியே வருவார். அந்த வயதில் பிள்ளை கல்லூரிக்குப் போகும், ஆபத்தில் இறங்க மனம் வராது. திரும்பி வர வழி வைத்து விதி எழுதிய இடங்களில் நடப்பது வேறு. 2009-ல் மத்திய அரசு தன் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், வேலையில் இருந்துகொண்டே தங்கள் கண்டுபிடிப்பிலிருந்து பிறக்கும் கம்பெனியில் பங்கு வைத்துக்கொள்ள அனுமதித்தது. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர்கள் வேலையை விடாமல் கம்பெனிகளில் பங்கேற்பதை இன்று சாதாரணமாகப் பார்க்கிறோம். அக்னிகுல் காஸ்மோஸ் அப்படி வளாகத்துக்குள் பிறந்ததுதான். 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது.

பொதுத்துறை தொழிலைப் பெற்றெடுத்த கதையும் நம்மிடம் உண்டு. அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்யும் திருச்சி பெல் ஆலை 1960-களில் வந்த பிறகு துவாக்குடி சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் யூனிட்கள் முளைத்தன. இரும்பை பெல் கொடுக்கும், யூனிட் வெட்டி வெல்டிங் செய்து கொடுக்கும், டன் கணக்கில் கூலி. வெல்டிங் தரத்தில் நாட்டிலேயே பெயர் வாங்கிய ஊர் அது. 2010-களில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் வற்றியதும் இந்த யூனிட்கள் வரிசையாகத் தடுமாறின. வெல்டிங் தெரிந்தது, டிராயிங் தெரிந்தது, தர ஆவணம் தெரிந்தது. வாடிக்கையாளர் ஒருவர்தான். ரேட் பேசி, புதுப் பார்ட்டி பிடித்து, மெட்டீரியலைச் சொந்தக் காசில் வாங்கிப் பழக்கம் இல்லாமல் போயிற்று. பொதுத்துறை கற்றுக்கொடுப்பதையும் கற்றுக்கொடுக்காததையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமானால் துவாக்குடிக்குப் போகலாம்.

இஸ்ரோவில் இன்னொரு விதம். அங்கே வேலை பார்த்த இருவர் 2018-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய ஸ்கைரூட், 2022 நவம்பரில் விக்ரம்-எஸ் ராக்கெட்டை ஏவியது. ராக்கெட் செய்யத் தெரிந்தவர்கள் பல பத்தாண்டுகளாகவே உள்ளே இருந்தார்கள். 2020-ல் விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்து இன்ஸ்பேஸ் அமைப்பு வந்த பிறகுதான் அந்தத் திறமைக்கு வெளியே சந்தை கிடைத்தது.

தனியார் வேலை என்றாலே தொழில் கற்றுக்கொடுத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எந்த நாற்காலி என்பது முக்கியம். பெரிய ஐடி கம்பெனியில் ஒரு திரையின் ஒரு மூலையை நான்கு வருடம் பார்த்தவருக்குச் சம்பளம் ஏறியிருக்கும். வாடிக்கையாளர் முகம் தெரியாது. மாறாக, பொருளைக் கட்டுவதிலிருந்து விற்பது வரை பார்க்கக் கிடைத்த இடங்களிலிருந்து கம்பெனிகள் கிளம்புகின்றன. சோஹோவில் பொருள் நிர்வாகம் பார்த்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் வெளியே வந்து சென்னையில் தொடங்கியது ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது.

திருப்பூரில் இந்த ஏணி இன்னும் கண்ணுக்குத் தெரியும். பவர்டேபிளில் (மின் தையல் மெஷினில்) டெய்லர், பிறகு பத்து டெய்லரைச் சேர்த்துக்கொண்டு பீஸ் ரேட் கான்ட்ராக்ட், பிறகு சொந்த மெஷினில் ஜாப் ஒர்க், பிறகு உள்நாட்டு ஆர்டர், கடைசியில் ஏற்றுமதி. ஒவ்வொரு படியிலும் அடுத்த படியில் இருப்பவரின் ரேட்டும் கஷ்டமும் தெரியும். படித்தவருக்கு அதே ஊரில் மெர்ச்சன்டைசர் நாற்காலி: பையரின் மெயில், காஸ்டிங் ஷீட், நூல் விலை, டையிங் தாமதம், ஷிப்மென்ட் தேதி எல்லாம் ஒரே மேஜையில். இன்ஜினியரிங் கம்பெனியில் பர்ச்சேஸ், அடுத்தது சர்வீஸ். பர்ச்சேஸில் யார் எந்த ரேட்டுக்குச் செய்கிறார்கள் என்று தெரியும். சர்வீஸில் எது உடைகிறது, பார்ட்டி எதற்குக் கோபப்படுகிறார் என்று தெரியும். 20 முதல் 60 பேர் வேலை செய்யும் கம்பெனி நல்லது. பெரிய இடத்தில் துறை பிரிந்திருக்கும். சின்ன இடத்தில் காலையில் கொட்டேஷன் போட்டவரே சாயங்காலம் பணம் வசூலிக்கப் போக வேண்டியிருக்கும்.

அரசுத் திட்டங்கள் இல்லையா என்றால், நிறையவே இருக்கின்றன. பட்டம், டிப்ளமோ, ஐடிஐ படித்த முதல் தலைமுறையினருக்கு நீட்ஸ் திட்டம்: 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரை ப்ராஜெக்ட், 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம், அதோடு 3 சதவீத வட்டி மானியம். பிஎம்இஜிபியில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை; பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீத மானியம், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 25-ம் 35-ம். பட்டியலினத்தவருக்கு அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதவீதம், 1.5 கோடி வரை. சொத்து ஈடு இல்லாவிட்டாலும், சிறு தொழில் கடனுக்கு வங்கிக்குப் பொறுப்பேற்கும் சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதம் இருக்கிறது.

இத்தனையும் இருந்தும் எங்கே சறுக்குகிறது? பெரும்பாலும் மூன்று இடத்தில். பிஎம்இஜிபி மானியம் கையில் வரும் என்று நம்பி அதைச் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது வங்கியில் 3 வருடம் டெபாசிட்டாக நிற்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி போடமாட்டார்கள், அவ்வளவுதான். 3 வருடம் கழித்து யூனிட் ஓடுகிறதா என்று நேரில் பார்த்த பிறகே கடனில் வரவு வைப்பார்கள். இரண்டாவது, தொழில் தெரியாமல் ஆடிட்டர் அலுவலகத்தில் வாங்கிய ரெடிமேட் ப்ராஜெக்ட் ரிப்போர்ட். அதில் முதல் வருடமே 80 சதவீத உற்பத்தி என்று இருக்கும், மேலாளர் "ஆர்டர் எங்கே?" என்று கேட்டால் பதில் இருக்காது. வாங்கத் தயாராக இருக்கும் ஒரு கம்பெனியின் கடிதம், லெட்டர்ஹெட்டில் நான்கு வரி, அந்த முப்பது பக்கத்தைவிட அதிகம் பேசும். அந்தக் கடிதம் யாருக்குக் கிடைக்கும் என்று மறுபடி சொல்லத் தேவையில்லை.

மூன்றாவதுதான் ஆளை வீழ்த்துவது: வொர்க்கிங் கேப்பிட்டல், அதாவது பணம் வரும்வரை தொழிலை ஓட்டக் கையில் வேண்டிய காசு. முதல் மாதம் வேலை செய்து மாதக் கடைசியில் பில் போட்டு, 60 நாளில் பணம் வந்தாலே, முதல் ரூபாய் 90-வது நாள்தான் வரும். அதற்குள் மேலே சொன்ன யூனிட்டில் மூன்று மாதச் செலவு 3.5 லட்சம் போயிருக்கும். பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டி கட்ட வேண்டும். 18 சதவீதம் என்றால் அது மாதம் 23,600. அதில் உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை) கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்ட வேண்டும். சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. 1961-ம் வருட வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்த பிறகு, வருடக் கடைசியில் கெடு தாண்டி நிற்கும் பாக்கியை வாங்கியவர் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்பதால், மார்ச் மாதத்தில் கொஞ்சம் பணம் நகர்கிறது. புகார் கொடுக்க அரசின் இணையதளமும் இருக்கிறது. ஆனால் ஒரே பார்ட்டியை நம்பி இருப்பவர் புகார் கொடுக்கமாட்டார். அதனால் உதயம் (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எண்ணையும் "45 நாள்" என்ற நிபந்தனையையும் முதல் பில்லிலேயே அச்சடித்துவிடுவது உத்தமம். பின்னால் சேர்த்தால் சண்டைக்கு வருவது போல இருக்கும்.

இப்போது வரிசையைக் குட்டையாக்குவது பற்றி. யுபிஎஸ்சியில் பொதுப் பிரிவுக்கு 32 வயது, 6 தடவை என்று கோடு போட்டிருக்கிறார்கள். 2024 தேர்வில் 9.92 லட்சம் பேர் விண்ணப்பித்து 1,009 பேர் தேர்வானார்கள். கொடுமைதான், ஆனால் முடிவு எப்போது என்று தெரியும். குரூப் 4-ல் தடவைக்குக் கணக்கே இல்லை. பிற்படுத்தப்பட்ட, பட்டியலின வகுப்பினர் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்திருந்தால் இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளுக்கு வயது வரம்பும் கிடையாது. சமூக நீதிக்காக வைத்த சலுகை, அதில் கை வைக்கச் சொல்லமாட்டேன். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் தேர்வு, 90 நாளில் முடிவு என்று ஆணையம் நின்றுவிட்டால் போதும். 2022 ஜூலையில் எழுதியவர்களுக்கு 2023 மார்ச் 24 அன்றுதான் முடிவு வந்தது. 2025-ல் ஜூலை தேர்வுக்கு அக்டோபரில் வந்துவிட்டது. இந்த ஐந்து மாத வித்தியாசம் லட்சக்கணக்கான பேருக்கு ஐந்து மாதம். என் கணிப்பில் எந்த மானியத் திட்டத்தையும்விடச் செலவு குறைந்த தொழில் கொள்கை இதுதான்.

ஆணையம் மாறும்வரை தனி ஆள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. படிப்போடு அரை நாள் வேலை: டிஸ்பாட்ச், ஸ்டோர்ஸ், பில்லிங், எதுவானாலும் சரி, சரக்கும் பணமும் கடக்கும் இடமாக இருந்தால் போதும். கல்விக் கடன் தவணையை அந்தச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டலாம். தேர்வு எழுதிய சில நாட்களில் ஆணையம் உத்தேச விடைக்குறிப்பை வெளியிடும். விடைகளைக் குறித்து வைத்த வினாத்தாளை வைத்து அன்றைக்கே சரியான விடைகளை எண்ணிவிடலாம். போன தடவை உங்கள் வகுப்புக்கு நின்ற கட்-ஆஃபைவிடப் பதினைந்து கேள்வி குறைந்தால், ஆட்சேபணையில் இரண்டு கேள்வி மாறினாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. ரிசல்ட் வரட்டும் என்று மூன்று மாதம் உட்காருவதுதான் வழக்கம். மறுநாள் காலை எட்டரை மணிக்கு சிட்கோ கேட்டில் நின்றால், ரிசல்ட் வரும்போது மூன்று மாதச் சம்பளமும் பத்துப் பதினைந்து சப்ளையர்களின் ரேட்டும் கையில் இருக்கும்.